எட்னாவைச் சுற்றி: ஒவ்வொரு பாறைக்கும் ஓர் ஆண்டு

ஞாயிறு, கட்டானியா

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் கட்டானியா கறுப்புக் கல்லில் எழுந்த ஊர். நடைபாதை, வாசற்படி, பேராலயத்துக்கு முன்னால் நிற்கும் யானைச் சிலை, எதைப் பார்த்தாலும் எட்னா எரிமலை கக்கிய பசால்ட், அதாவது குழம்பு உறைந்த கறும்பாறை. வியா எட்னேயா கடைத்தெருவில் வடக்கு பார்த்து நின்றால் தெருக்கோடியில் மலையே நிற்கிறது. இன்று மாலை அதன் உச்சியிலிருந்து வெண்புகை கிழக்கே சாய்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் மகளும் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பித் திரும்பிப் பார்த்தோம்.

எட்னாவைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. எரிமலை என்றதும் நம் மனதில் வருவது உச்சியில் ஓட்டை போட்ட ஒரு கூம்பு. எட்னா அப்படி இல்லை. உச்சியில் நான்கு வாய்கள் இருக்கின்றன. அவை தவிர சரிவெங்கும் முந்நூறுக்கு அருகில் சிறு கூம்புகள். மலையின் விலா எங்கே பிளக்கிறதோ அங்கே குழம்பு வெளியே வரும். ஊரை அழித்தவை பெரும்பாலும் அந்த விலாப் பிளவுகள்தான். அதனால் இந்தப் பயணத்தில் உச்சியை விடச் சரிவுகளையே அதிகம் பார்க்கப்போகிறோம்.

முதலில் பார்த்தது பெனடிக்டைன் துறவிகளின் பழைய மடம். இப்போது அது பல்கலைக்கழகக் கட்டடம். 1669இல் எட்னாவின் குழம்பு இந்த மடத்தின் சுவர் வரை வந்து, மோதி, சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. உறைந்த குழம்பை அகற்ற வழியில்லை. பின்னாளில் துறவிகள் அதன்மேல் மண்ணைக் கொட்டித் தோட்டம் போட்டார்கள். கட்டடத்தை ஒட்டி அந்தப் பாறை இன்றும் பல மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தோம். மேற்பரப்பு முழுக்க ஊசிமுனை முதல் விரல்நுனி வரை ஓட்டைகள். வாயு குமிழ்ந்து வெளியேறிய இடங்கள். உடைந்த முகத்தில் வெள்ளையாக அரிசி நொய் அளவில் ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள், நடுநடுவே கறுத்துப் பளபளக்கும் பைராக்சின். மாக்மா, அதாவது வெளியே வருமுன் இருக்கும் உருகிய பாறை, பூமிக்குள் காத்திருந்த காலத்திலேயே வளர்ந்துவிட்ட படிகங்கள் இவை. வெளியே வந்து சட்டென்று உறைந்த மீதிதான் சுற்றியுள்ள சாம்பல்நிறப் பொடிப்பாறை.

அங்கிருந்து காஸ்தெல்லோ உர்சினோ கோட்டை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் இதைக் கடலோரத்தில் கட்டினார். இன்று கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே சில நூறு மீட்டர் நிலம், அதன்மேல் வீடுகள், ரயில்பாதை. அந்த நிலம் 1669இன் நிலம். குழம்பு அகழியை நிரப்பி, கோட்டையைச் சுற்றி வளைத்து, கடலுக்குள் இறங்கிக் கரையையே தள்ளி வைத்துவிட்டது.

அந்த வெடிப்பிலிருந்து ஊர் எழுந்து நிற்பதற்குள் 1693 ஜனவரி 11ஆம் தேதி பூகம்பம் வந்தது. தென்கிழக்குச் சிசிலி முழுவதும் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். கட்டானியாவில் பாதிக்கு மேற்பட்டவர்கள். அதன் பிறகு அகலத் தெருக்களோடு புதிதாக எழுப்பிய நகரம்தான் இன்று நாம் பார்ப்பது. அதற்கான கல்லையும் மலையிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

திங்கள், ஆச்சி காஸ்தெல்லோ

கட்டானியாவிலிருந்து வடக்கே பஸ்ஸில் சிறிது தூரம். கடலுக்குள் நீட்டிய ஒரு பாறை, அதன் தலையில் நார்மானியர் காலக் கோட்டை. எல்லோரும் கோட்டையைப் படம் எடுக்கிறார்கள். நாங்கள் அதன் அடிப்பாறைக்குப் போனோம், ஏனென்றால் எட்னாவின் கதை தொடங்குவது அங்கேதான்.

பாறை முழுக்க உருண்டை உருண்டையாக அடுக்கியது போல இருக்கிறது. கடலடியில் குழம்பு கசியும்போது குளிர்நீர் பட்டதும் மேல்தோல் கண்ணாடியாக இறுகிவிடும். உள்ளே இன்னும் திரவம். பின்னாலிருந்து அழுத்தம் வர, தோல் வெடித்து அடுத்த உருண்டை பிதுங்கும். இப்படிப் பிதுங்கிப் பிதுங்கிக் குவிந்ததைத் தலையணை லாவா என்கிறார்கள். ஒவ்வோர் உருண்டையிலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஆரம் ஆரமாக வெடிப்புக் கோடுகள் ஓடுகின்றன. ஓரத்தில் விரற்கடை தடிமனுக்குக் கண்ணாடித் தோலின் மிச்சம். மகள் அந்தத் தோலை நகத்தால் வருடிக்கொண்டே, "அம்மா, அப்போ இந்த இடம் கடலுக்கு அடியில இருந்துச்சா?" என்றாள். ஆமாம். சுமார் ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே மலையே கிடையாது. ஒரு வளைகுடா, அதன் தரையில் பிளவுகள், பிளவுகளில் குழம்பு. அதற்குப் பின் நிலம் மெல்ல உயர்ந்து அந்தக் கடல்தரை நம் கண்மட்டத்துக்கு வந்துவிட்டது.

ஏன் இங்கே? பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது. ஆப்பிரிக்கத் தட்டும் ஐரோப்பாவும் ஒன்றையொன்று நெருக்கும் எல்லை சிசிலியின் ஊடாகவே போகிறது. கிழக்கே அயோனியக் கடலின் பழைய தரை, இத்தாலியின் தென்முனையான கலாப்ரியாவுக்கு அடியில் வளைந்து ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. இறங்கும் தட்டின் ஓரம் கிழிந்திருக்கிறது, அந்தக் கிழிசலின் பக்கவாட்டில் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் பாறை மேலேறி உருகுகிறது என்பது பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். தட்டு அமிழும் இடங்களில் வரிசையாக எழும் எரிமலைகளோடு எட்னா சேராமல் தனியே நிற்பதற்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வாதம் இன்னும் ஓயவில்லை.

பக்கத்திலேயே ஆச்சி த்ரெஸ்ஸா. கடலுக்குள் கூர்கூராக நிற்கும் பாறைகள். ஒற்றைக் கண் அரக்கன் கிரேக்கக் காவிய வீரன் ஒடிசியஸின் கப்பலை நோக்கி வீசிய கற்கள் என்று பழங்கதை. உண்மையில் கடலடிக் களிமண்ணுக்குள் நுழைந்து உறைந்த மாக்மா. மெதுவாக ஆறியதால் சுருங்கி, பட்டை தீட்டியது போல நெடுந்தூண்களாக வெடித்திருக்கிறது. அங்கேயே இருக்கும் லாக்கேயா தீவின் தலையில் அந்த வெளிர்நிறக் களிமண் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செவ்வாய், நிக்கொலோசி

ஞாயிறன்று 1669இன் முடிவைப் பார்த்தோம். இன்று அதன் தொடக்கத்தைத் தேடிப் போனோம்.

நிக்கொலோசி ஊரை ஒட்டி மோன்ட்டி ரோஸ்ஸி என்ற இரட்டைக் குன்று. பைன் மரங்கள் மூடியிருக்கின்றன, காலையில் ஊர்க்காரர்கள் நடைப்பயிற்சிக்கு வருகிறார்கள். பாதையில் மண் செங்கல் நிறம். கையில் அள்ளினால் எடையே இல்லாத பொரிகற்கள். சூடாக இருக்கும்போதே காற்றும் நீராவியும் பட்டு அவற்றின் இரும்பு சிவந்துபோனது. 1669 மார்ச் 11க்கு முன் இந்தக் குன்றே இல்லை. சில நாட்கள் தொடர்ந்து பூமி ஆடி வீடுகள் இடிந்த பிறகு மலையின் தென்சரிவு நீளமாகப் பிளந்தது. பிளவின் கீழ்முனை இங்கே, கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் குறைவான உயரத்தில். அதுதான் கொடுமை. பிளவு எவ்வளவு கீழே திறக்கிறதோ ஊர்கள் அவ்வளவு பக்கம்.

நான்கு மாதம் ஓடியது. சுமார் 60 கோடி கன மீட்டர் குழம்பு. 17 கிலோமீட்டர் நீளம். வழியில் மல்பாஸ்ஸோ, மிஸ்தெர்பியாங்கோ என்று ஊர் ஊராக விழுங்கியது. ஏப்ரலில் கட்டானியாவின் மதிலை அடைந்தது.

இந்த வெடிப்பில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொரு நிகழ்ச்சி. ஓடும் குழம்பின் இரு கரையும் சீக்கிரம் ஆறிக் கெட்டிப்பட்டு, வயல் வாய்க்காலின் வரப்பு போல உயர்ந்துவிடும். நடுவில் ஆறு ஓடும். வரப்பை வெட்டினால் நீர் திரும்பும் அல்லவா? கட்டானியாவைக் காப்பாற்ற அதையே செய்தார் தியேகோ பப்பலார்தோ. ஐம்பது பேரோடு, நனைத்த மாட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, இரும்புக் கடப்பாறைகளோடு குழம்பின் கரையை உடைக்கப் போனார்கள். வெப்பம் தாங்காமல் ஆள் மாற்றி ஆள் குத்தினார்கள். கரை உடைந்தது. குழம்பின் ஒரு பகுதி புது வழியில் இறங்கியது.

புது வழி பத்தெர்னோ ஊரை நோக்கி இருந்தது. அந்த ஊரிலிருந்து ஐந்நூறு பேர் ஆயுதத்தோடு வந்து இவர்களை விரட்டியடித்தார்கள். உடைப்பு தானே அடைபட்டது. குழம்பு பழைய வழியில் கட்டானியாவுக்கே போனது.

எரிமலைக் குழம்பை மனிதர் திருப்ப முயன்றதாக நமக்குத் தெரிந்த மிகப் பழைய முயற்சிகளில் ஒன்று இது. அது தோற்ற காரணம் வெப்பமோ கருவியோ இல்லை. என் ஊரைக் காப்பாற்ற உன் ஊருக்கு அனுப்புகிறேன் என்றால் யார் சும்மா இருப்பார்கள்? குன்றின் விளிம்பில் நின்றால் ஒரு பக்கம் கட்டானியாவும் கடலும், இன்னொரு பக்கம் பத்தெர்னோ இருக்கும் சமவெளி. இரண்டும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகின்றன. யார் செய்தது சரி என்று மகள் கேட்டாள். இரண்டு பேரும் சரிதான் என்றே எனக்குப் படுகிறது. அதனால்தான் அந்தக் கதை மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மாலையில் மிஸ்தெர்பியாங்கோவுக்கு வெளியே கம்பனராத்ஸு. குழம்புக்குள் புதைந்த பழைய மாதாகோயிலைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பல காலம் மணிக்கூண்டின் துண்டு மட்டும் பாறைக்கு வெளியே நின்றது. இப்போது பாறைச் சுவர்களுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கிக் கோயில் தரையில் நிற்கலாம். தரை மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் குழம்பு எத்தனை ஆள் உயரம் வந்தது என்பது உடம்புக்குப் புரிகிறது.

புதன், மேலே

கட்டானியாவிலிருந்து காலையில் பஸ். ரிஃபூஜியோ சப்பியென்ஸா, ஏறத்தாழ 1,900 மீட்டர். பக்கத்தில் 1892இல் பிறந்த சில்வெஸ்த்ரி வாய்கள். யாரும் எளிதாக ஏறி இறங்கலாம். அங்கிருந்து 2,500 மீட்டர் வரை கேபிள் கார். இந்த கேபிள் காரின் முன்னோர்களை 1971, 1983, 2001 வெடிப்புகள் சிதைத்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்டினார்கள். 1971இல் உச்சிக்கு அருகில் இருந்த எரிமலை ஆய்வுக்கூடமும் குழம்புக்கு அடியில் போனது.

அதற்கு மேல் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான். மலையின் நிலைமையைப் பொறுத்து எதுவரை போகலாம் என்பதை உத்தரவு போட்டு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எங்களோடு வந்தவர் இந்த மலையடிவாரத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். 2002இல் உருவான பர்பகால்லோ வாய்களின் விளிம்பில் எங்களை நிறுத்தி, குதிகாலால் ஒரு சாண் தோண்டிக் கையை வைக்கச் சொன்னார். மேலே காற்று பல்லைக் கிட்டுகிறது. கீழே கை பொறுக்காத சூடு, ஈரமான ஆவி. இருபது ஆண்டு கடந்தும் உள்ளே ஆறவில்லை. பாறை வெப்பத்தை அவ்வளவு மெதுவாகத்தான் விடும்.

எதிரே தென்கிழக்கு வாய். 1971இல் ஒரு குழியாகத் திறந்தது, இன்று மலையின் மிகப் பெரிய கூம்புகளில் ஒன்று. 2021இல் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட முறை தீ ஊற்றுகளைப் பீய்ச்சியது. கிழக்குச் சரிவின் ஊர்களில் கூரை, தெரு, தோட்டம் எல்லாம் கறுப்பு மணலை வாரிக் கொட்டினார்கள். அந்த ஆகஸ்டில் அளந்தபோது கூம்பு 3,357 மீட்டர். நாற்பது ஆண்டுகள் உயரத்தில் முதலிடம் வகித்த வடகிழக்கு வாயை அது அப்போது முந்திவிட்டது. 2024 கோடையில் நடுவில் இருக்கும் வொராஜினே வாய் வளர்ந்து இதையும் மிஞ்சியது. பள்ளிப் புத்தகத்தில் எட்னாவின் உயரம் என்று ஓர் எண் இருந்தால், பக்கத்தில் ஆண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே நடப்பது என்ன? மாக்மா மேலேறும்போது அழுத்தம் குறைகிறது, கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும் கந்தக டைஆக்சைடும் குமிழ்களாகப் பிரிகின்றன. குமிழ்கள் தாராளமாக வெளியேறினால் குழம்பு அமைதியாக வழியும். மொத்தமாகச் சேர்ந்து மேலேறினால் ஊற்று. எட்னாவின் பசால்ட் இளகியது என்பதால் பெரும்பாலும் வழிதல், ஊற்று என்ற இரண்டுக்குள் முடிந்துவிடும். எப்போதும் அப்படி என்று சொல்ல முடியாது. கி.மு. 122இல் இதே மலை பெருவெடிப்பாக வெடித்து, சாம்பலின் பாரத்தில் கட்டானியாவின் கூரைகள் விழுந்தன. ரோம் அந்த ஊருக்குப் பத்து ஆண்டு வரி தள்ளுபடி கொடுத்தது. 1979 செப்டம்பரில் போக்கா நுவோவா வாயில் நடந்த ஒரே வெடிப்பில் ஒன்பது சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 2025 ஜூன் 2ஆம் தேதி தென்கிழக்கு வாயின் ஒரு பக்கம் சரிந்து, சூடான சாம்பல்மேகம் சரிவில் உருண்டது. மலையில் இருந்த பயணிகள் ஓடிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலைக்கவசத்தைக் கழற்றிப் படம் எடுக்க முனைந்த ஒருவரை எங்கள் வழிகாட்டி அதட்டியது நியாயம்தான்.

திரும்பும் வழியில் வால்லே தெல் போவேயின் விளிம்புக்கு அழைத்துப் போனார். இந்த ஓர் இடத்துக்காகவே மேலே வரலாம். மலையின் கிழக்குப் பக்கத்தையே யாரோ வெட்டி எடுத்தது மாதிரி ஒரு பள்ளம். அகலம் ஐந்து கிலோமீட்டர், நீளம் ஏழு, சில இடங்களில் சுவர் ஆயிரம் மீட்டர் உயரம். சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் மலையின் தோள் கடலை நோக்கிச் சரிந்ததால் உண்டானது. சுவர்களில் பழைய எரிமலைகளின் அடுக்குகள் வெட்டுமுகமாகத் தெரிகின்றன. அடுக்குகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு செங்குத்தான மதில்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை மாக்மா மேலேறிய பிளவுகள். உள்ளே உறைந்த பாறை கடினமானது, சுற்றியிருந்த பொடிமண் அரித்துப்போக மதில் மட்டும் நிற்கிறது. இன்றைய எட்னாவுக்கு முன் இங்கே வேறு மலைகள் நின்றன. த்ரிஃபோல்யெத்தோ என்பது ஒன்று. பிறகு எல்லித்திக்கோ, இன்றைய மலையை விட உயரமாக வளர்ந்து, சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்புகளில் தலையிழந்தது. அந்த இடிபாட்டின்மேல் எழுந்ததுதான் நாம் ஏறி நின்றது.

பள்ளத்தின் தரை முழுக்கக் கறுப்பின் பல சாயல்கள். புதியது மை, பழையது சாம்பல், அதற்கும் பழையது பழுப்பு. உச்சியில் வழியும் குழம்பில் பெரும்பங்கு இந்தப் பள்ளத்துக்குள் விழுந்து, யாருக்கும் சேதமில்லாமல் ஆறிப்போகிறது. கீழே இருக்கும் ஊர்களுக்கு இந்தச் சரிவு செய்த பேருதவி அது. பள்ளத்தைத் தாண்டி வந்த ஒரு முறையைப் பற்றி நாளை.

வியாழன், ஸஃபெரானா

ஸஃபெரானா எட்னேயா தேனுக்குப் பேர்போன ஊர். சதுக்கத்திலிருந்து மேலே ஏறும் சாலை பழத்தோட்டங்களுக்கு நடுவே போய், ஒரு கறுப்புச் சுவரில் முட்டி நிற்கிறது. பக்கத்தில் மாதா சிலை, பூக்கள், நன்றி சொல்லும் பலகை. 1992இல் குழம்பின் முகம் வந்து நின்ற இடம் இது. அடுத்து இருப்பது வீடுகள்.

1991 டிசம்பர் 14இல் பிளவு திறந்தது. 473 நாள் ஓடியது. சுமார் 23 கோடி கன மீட்டர் குழம்பு. 1669ஐ விட அளவு குறைவு, வேகம் மிகக் குறைவு. ஆபத்து வேறு விதமாக வந்தது. மெதுவாக ஓடும் குழம்பின் மேல் ஓடு கட்டிவிடும். ஓட்டுக்குக் கீழே குழாய். குழாய்க்குள் வெப்பம் இழக்காமல் குழம்பு கிலோமீட்டர் கணக்கில் போகும். திறந்த வெளியில் ஓடினால் பாதி வழியில் உறைந்திருக்க வேண்டியது, குழாய் வழியே ஊர் வாசலுக்கு வந்துவிடுகிறது.

முதலில் அணை கட்டினார்கள். ஸஃபெரானாவுக்கு மேலே வால் கலான்னா பள்ளத்தாக்கின் வாயில், புல்டோசர்கள் இரவு பகலாக வேலை செய்து இருபது மீட்டருக்கு மேல் உயரமான மண்கரை எழுப்பின. குழம்பு பின்னால் தேங்கித் தேங்கி ஏப்ரல் தொடக்கத்தில் கரையைத் தாண்டியது. கீழே அவசரமாக எழுப்பிய சிறு கரைகள் சில நாட்களே தாங்கின. அப்போது இத்தாலியின் எரிமலை நிபுணர் ஃபிராங்கோ பர்பேரியும் சகாக்களும் மூலத்துக்கே போக முடிவு செய்தார்கள். குழாயின் கூரை திறந்திருந்த இடங்களில், அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர்கள் உட்பட, மேலிருந்து கான்கிரீட் கட்டைகளைப் போட்டு அடைத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் பலன் கிடைத்தது, போதவில்லை.

கடைசியில் 2,000 மீட்டர் உயரத்தில், பிளவுக்கு வெகு அருகில், குழம்பாற்றின் பக்கத்தில் ஒரு செயற்கைக் கால்வாய் தோண்டினார்கள். நடுவே இருந்த கரையைச் சுரண்டிச் சுரண்டி மூன்று மீட்டர் அளவுக்கு மெலிய வைத்தார்கள். மறுபக்கம் ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட குழம்பு ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறக்கவேண்டாம். 1992 மே 27இல் ஏழு டன் வெடிமருந்து. கரை தகர்ந்தது, மூன்றில் இரண்டு பங்கு குழம்பு கால்வாய்க்குள் பாய்ந்தது. பாறைகளையும் கான்கிரீட்டையும் பழைய குழாய்க்குள் தள்ளி மீதியையும் திருப்பினார்கள். கீழே குழம்பின் முகத்துக்கு வரத்து நின்றது. நாங்கள் நின்ற இடத்தில் அது உறைந்தது.

தியேகோ பப்பலார்தோ செய்ததும் இதுவேதான். ஒரே வித்தியாசம், 1992இல் திருப்பிவிட்ட குழம்பு வால்லே தெல் போவேக்குள் விழுந்தது. அங்கே யாருக்கும் வீடு இல்லை. 1983இல் தென்சரிவில் முதல் முறையாக வெடிமருந்து பயன்படுத்தியபோதும் கேள்வி இதுவே: எந்தப் பக்கம்? வெடிமருந்தும் புல்டோசரும் வந்தபின் வேலை சுலபமாகிவிட்டது என்று சொல்பவர்களை இந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஸஃபெரானா பிழைத்ததற்கு மேலே ஓர் ஆளில்லாப் பள்ளம் இருந்தது பாதிக் காரணம். அடுத்த பிளவு நிக்கொலோசிக்குப் பக்கத்தில் திறந்தால் எங்கே திருப்புவது என்பதற்கு இன்றும் விடை கிடையாது.

மாதா சிலைக்கு விளக்கேற்ற வந்த ஒரு பாட்டியம்மாவோடு மகள் தன் இத்தாலியனில் பேசினாள். அந்த ஆண்டு இருந்தீர்களா என்று கேட்டதற்கு, "இருந்தேன் மகளே, ராத்திரி ராத்திரி மேலே சிவப்பா தெரியும். கண்ணாடிச் சாமான் விழுந்து உடையற மாதிரி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்" என்றார். ஆறிய கற்கள் முகப்பிலிருந்து உருளும் சத்தம் அது. பாறையைத் தட்டிப் பார்த்தோம். கணீரென்றது.

இந்த மலையில் பிரார்த்தனைக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஊரின் காவல் புனிதையான அகத்தாளின் முக்காடு 252இல் குழம்பை நிறுத்தியது என்பது கட்டானியாவின் நம்பிக்கை. 1886இல் குழம்பு நிக்கொலோசியை நெருங்கியபோது கட்டானியாவின் பேராயர் துஸ்மெத் அதே முக்காட்டை ஊர்வலமாகக் கொண்டுபோனார். ஊருக்கு முன்னால் குழம்பு நின்றது. நம்புகிறவர்களுக்கு அது அற்புதம். அந்த ஊர்வலத்தில் நடந்தவர்களின் பயத்தை நினைத்தால் எனக்கும் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

வெள்ளி, ரயில்

சிர்க்கும்எட்னேயா, மலையைச் சுற்றும் குறுகிய ரயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் போட்டது. அட்ரானோவில் ஏறி ரந்தாஸ்ஸோ வரை போனோம். ஞாயிற்றுக்கிழமை ஓடாது, கவனம்.

ப்ரோந்தேயைச் சுற்றிப் பிஸ்தா மரங்கள், மண்ணே இல்லாத பாறைப் பிளவுகளில் வேர் விட்டு நிற்கின்றன. 1843இல் இந்த ஊருக்குப் பக்கத்தில் வேடிக்கை பார்க்கவும் விறகைக் காப்பாற்றவும் கூடியிருந்தவர்களின் எதிரே, குழம்பு நீர் நிறைந்த நிலத்தில் ஏறியது. நீர் ஒரே கணத்தில் ஆவியாகி வெடித்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எட்னாவின் குழம்பு ஆளைக் கொல்வது அரிது. நீரோடு சேரும்போது கணக்கு மாறிவிடுகிறது.

ஜன்னலோரம் உட்கார்ந்து நாங்கள் விளையாடியது பாறையின் வயதைச் சொல்லும் விளையாட்டு. பாறை வெறும் கறுப்பாக இருந்தால் மிகப் புதியது. சாம்பல் பூத்திருந்தால் லைக்கன் பாசி பிடித்துவிட்டது. சிவப்பு வலேரியன் பூ தெரிந்தால் பிளவுகளில் தூசி சேர்ந்திருக்கிறது. மஞ்சளாகப் பூக்கும் எட்னா ஜெனிஸ்தா மரம் நின்றால் நூற்றாண்டைத் தாண்டியிருக்கலாம். அதன் வேர்தான் பாறையை முதலில் மண்ணாக்கத் தொடங்குகிறது. திராட்சையோ ஓக்கோ வந்துவிட்டால் விவசாயிகள் அந்தக் குழம்பை மன்னித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ரந்தாஸ்ஸோவுக்கு முன்னால் ரயில் ஒரு கறுப்பு வெட்டுக்குள் நுழைந்தது. 1981 மார்ச். சில நாட்களே நீடித்த வெடிப்பு, ஆனால் குழம்பு ரயில்பாதையையும் சாலைகளையும் அறுத்து அல்காந்தரா ஆற்றுப் பக்கம் வரை இறங்கிவிட்டது. அதன்மேல் இன்னும் பாசிதான்.

ரந்தாஸ்ஸோ உச்சிக்கு மிக அருகில் இருக்கும் ஊர்களில் ஒன்று. கறுப்புக் கல் தெருக்கள், கறுப்பு மாதாகோயில்கள், அத்தனை அருகில் இருந்தும் குழம்பு தொடாத ஊர். 1981இல் அது ஊரை விட்டுச் சற்றே விலகி ஓடியது.

சனி, வடகிழக்கும் மாஸ்காலியும்

வாடகைக் காரில் பியானோ ப்ரொவென்ஸானா. 2002 அக்டோபர் 27 பின்னிரவில் இங்கே சரிவு பிளந்தது. பனிச்சறுக்கு நிலையமும் விடுதிகளும் போயின. குழம்பின் ஓரத்தில் அன்று வெந்த பைன் மரங்கள் பட்டையுரிந்து வெள்ளி நிறத்தில் அப்படியே நிற்கின்றன. அதே நேரத்தில் பெர்னிக்கானா பிளவுத்தளம் (இரு பக்கப் பாறையும் ஒன்றையொன்று உரசி நகரும் வெடிப்பு) நகர்ந்து சாலைகளை அறுத்தது. எட்னாவின் கிழக்குப் பக்கம் முழுவதும் கடலை நோக்கி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கடலுக்கடியில் கருவி வைத்தவர்கள் 2017 மே மாதம் எட்டே நாளில் நான்கு சென்டிமீட்டர் நகர்வைப் பதிவு செய்தார்கள். 2018 டிசம்பர் 24இல் உச்சியருகே பிளவு திறந்தது. இரண்டு நாள் கழித்து ஃப்ளேரி என்ற ஊரில் பூகம்பம், வீடுகள் இடிந்தன. இந்தப் பக்கத்து மக்களிடம் கேட்டால் குழம்பை விட இந்த நடுக்கத்துக்குத்தான் அதிகம் பயப்படுவதாகச் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது: குழம்பு வருவதைப் பார்க்கலாம்.

ஃபொர்னாஸ்ஸோவில் 1979 குழம்பு ஒரு சிறு கோயிலின் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு மாஸ்காலிக்கு இறங்கினோம். 1928 நவம்பரில் மலையின் கிழக்குச் சரிவில் மிகவும் கீழே பிளவு திறந்தது. ஓரிரு நாளில் மாஸ்காலி முழுவதும் குழம்புக்குள் போனது. 1669க்குப் பிறகு ஒரு முழு ஊரை எட்னா எடுத்துக்கொண்டது அப்போதுதான். உயிர்ச்சேதம் இல்லை. கட்டில், பீரோ மட்டும் இல்லை, கதவு, ஜன்னல், கூரை ஓடு வரை கழற்றி வண்டியில் ஏற்றிப் போனார்கள். சுவர்கள் மட்டுமே மிச்சமாகிக் காத்திருந்தன. புதிய மாஸ்காலியைக் கொஞ்சம் தள்ளி, நேர்நேரான தெருக்களோடு கட்டினார்கள். அதுவும் அதே சரிவின் அடிவாரத்தில்தான்.

போக நினைப்பவர்களுக்கு: உச்சியைக் கடைசியில் வையுங்கள். முதலில் மோன்ட்டி ரோஸ்ஸி, பிறகு ஸஃபெரானாவின் அந்தச் சுவர், பிறகு மேலே. கனமான காலணியும் காற்றைத் தடுக்கும் மேலாடையும் கோடையிலும் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் உச்சிப் பக்கம் கந்தக வாடையை யோசித்துக்கொள்ளுங்கள். கட்டானியாவில் இருக்கும் தேசிய எரிமலை ஆய்வு மையம் மலையின் நடுக்கத்தைக் காட்டும் வரைகோட்டை இணையத்தில் போடுகிறது; அது ஏறத் தொடங்கினால் பயணத் திட்டத்தை மாற்றத் தயாராக இருங்கள், சாம்பல் விழுந்தால் விமான நிலையத்தையும் மூடிவிடுவார்கள். எங்கள் விமானம் நாளை மதியம். சற்றுமுன் பார்த்தேன், கோடு தாழ்ந்தே இருக்கிறது.